நிலைத்து நில்லாத அணுக்கள் சொல்லும் சாட்சி

தனிம வரிசை அட்டவணையில் 42-ஆம் இடத்தில் மாலிப்டினமும் 44-ஆம் இடத்தில் ருத்தேனியமும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவிலுள்ள 43-ஆம் இடம் நெடுங்காலம் வெற்றிடமாகவே இருந்தது. மாங்கனீசின் பண்புகளை ஒத்த ஒரு தனிமம் அங்கே இருந்தாக வேண்டும் என்று மெண்டலீவ் எதிர்பார்த்திருந்தார். பலர் அதைத் தாதுக்களில் தேடினார்கள்; கண்டுவிட்டதாகச் சிலர் அறிவிக்கவும் செய்தார்கள்; எந்த அறிவிப்பும் நிலைக்கவில்லை. கடைசியில் அது கிடைத்தது எந்தச் சுரங்கத்திலிருந்தும் அன்று. அமெரிக்காவின் பெர்க்கிலியில் எர்னஸ்ட் லாரன்ஸ் நடத்திவந்த சைக்ளோட்ரான் என்னும் துகள்முடுக்கியில் நெடுநாள் துகள்களின் மோதலுக்கு உள்ளான மாலிப்டினத் தகடு ஒன்றை, அவர் இத்தாலியின் பலெர்மோ நகரிலிருந்த எமிலியோ செக்ரேவுக்குத் தபாலில் அனுப்பிவைத்தார். 1937-இல் செக்ரேயும் கார்லோ பெரியரும் அந்தத் தகட்டிலிருந்து வேதிமுறையில் 43-ஆம் தனிமத்தைப் பிரித்து அடையாளம் கண்டார்கள். பின்னர் டெக்னீசியம் என்று பெயர் பெற்ற அதுவே மனிதர் செயற்கையாக ஆக்கிய முதல் தனிமம்.

தாதுக்களில் அது அகப்படாததற்குக் காரணம் எளியது. டெக்னீசியத்துக்கு நிலையான ஐசோடோப்பு, அதாவது நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் அணுவகை, ஒன்றுகூட இல்லை. அதன் ஐசோடோப்புகளுள் மிக நீண்ட ஆயுள் கொண்டவற்றின் அரை ஆயுளே, அதாவது அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலமே, ஏறத்தாழ 42 லட்சம் ஆண்டுதான். பூமியின் வயது 454 கோடி ஆண்டு. பூமி உருவானபோது எவ்வளவு டெக்னீசியம் இருந்திருந்தாலும், அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை பாதி பாதியாகக் குறைந்து முற்றிலும் அழிந்திருக்கும். யுரேனியத் தாதுக்களில் அணுப்பிளவால் அவ்வப்போது உண்டாகும் மிக நுண்ணிய அளவைத் தவிர, இயற்கையில் அது நமக்குக் கிடைப்பதில்லை.

இந்தப் பின்னணியில்தான் 1952-ஆம் ஆண்டின் அறிவிப்பைப் படிக்க வேண்டும். மவுண்ட் வில்சன் வானாய்வகத்தைச் சேர்ந்த பால் மெரில், குளிர்ந்து பருத்த சில சிவப்புப் பெருமீன்களின் நிறமாலையில் (அலைநீளவாரியாகப் பிரித்த ஒளியில்) டெக்னீசியத்தின் கோடுகளைக் கண்டதாக எழுதினார். அவற்றுள் ஒன்று ஆந்த்ரொமீடா விண்மீன் குழுவிலுள்ள ஆர் ஆந்த்ரொமீடே. நீல ஒளிப் பகுதியில் 423.8, 426.2, 429.7 நானோமீட்டர் அலைநீளங்களில் அந்தக் கோடுகள் விழுந்திருந்தன. ஆய்வகத்தில் ஆக்கிய டெக்னீசியத்தின் நிறமாலையை அதற்குச் சற்று முன்புதான் அளந்து வெளியிட்டிருந்தார்கள். அந்த அளவீடு இல்லாமற்போயிருந்தால், விண்மீனின் ஒளியில் இருந்த அந்தக் கோடுகள் பெயரற்ற கோடுகளாகவே கிடந்திருக்கும்.

ஆர் ஆந்த்ரொமீடே போன்ற விண்மீன்களின் வயதைப் பல கோடி ஆண்டுகளில்தான் கணக்கிட முடியும். ஆகவே அதில் தெரியும் டெக்னீசியம், அந்த விண்மீன் எந்த வாயுமுகிலிலிருந்து பிறந்ததோ அந்த முகிலிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. விண்மீன்களில் உண்மையில் உண்டாவது டெக்னீசியம்-99 என்பதும், அதன் அரை ஆயுள் வெறும் 2.1 லட்சம் ஆண்டு என்பதும் வாதத்தை இன்னும் இறுக்குகின்றன: 42 லட்சம் ஆண்டு கழிந்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் எஞ்சும். எரிந்துகொண்டிருக்கும் கற்பூரத்தைக் கண்டால், அதை ஏற்றியவர் சற்று முன்புதான் ஏற்றியிருக்க வேண்டும் என்று எவரும் சொல்லிவிடலாம். டெக்னீசியமும் அத்தகையதே. அது அந்த விண்மீனுக்குள்ளேயே, அண்மையில்தான் ஆக்கப்பட்டிருக்கிறது.

நாம் எல்லோரும் விண்மீன் துகள்களால் ஆனவர்கள் என்ற செய்தியைப் பள்ளி மாணவர்கள்கூட இன்று கேட்டிருக்கிறார்கள். ஆனால் அதைக் கேட்கும் ஒரு கூர்மையான மாணவர் உடனே எழுப்பும் கேள்வி, "அது எப்படித் தெரியும்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு உரிய மதிப்பை நம் அறிவியல் எழுத்து பெரும்பாலும் தருவதில்லை என்பது என் எண்ணம். கார்பனும் இரும்பும் என்றும் அழியாத அணுக்கள். அவற்றைப் பார்த்து எப்போது, எங்கே பிறந்தன என்று கேட்டால் அவை பதில் சொல்லா. பதில் சொல்பவை சிதைந்து மறையும் அணுக்களே. ஆக்கப்பட்ட காலத்தைத் தம்முள் சுமப்பவை அவை மட்டுமே. எனவே இந்தக் கதையை அவற்றின் வழியாகவே சொல்ல விரும்புகிறேன்.

மெரிலின் கண்டுபிடிப்பு வந்த காலத்தில் தனிமங்களின் தோற்றம் பற்றி இரு கருத்துகள் நிலவின. பேரண்டத்தின் தொடக்க வெப்பத்தில் எல்லாத் தனிமங்களும் நியூட்ரான்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு உருவாகிவிட்டன என்று இயற்பியலாளர்கள் ஜார்ஜ் காமவும் ரால்ஃப் ஆல்ஃபரும் 1948-இல் எழுதினார்கள். விண்மீன்களுக்குள்தான் அவை உருவாகின்றன என்று வானியலாளர் ஃபிரெட் ஹாயில் 1946 முதல் வாதிட்டுவந்தார். முதல் கருத்துக்கு ஒரு பெரிய தடை இருந்தது: நிறை எண் (புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்த எண்ணிக்கை) 5-உம் 8-உம் கொண்ட நிலையான அணுக்கரு எதுவும் இல்லை. ஆகவே ஹீலியத்துக்கு அப்பால் ஒவ்வொரு படியாக ஏறிச்செல்ல வழி கிடையாது. பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களில் ஹைட்ரஜனும் ஹீலியமும் சிறிது லித்தியமும் உண்டாயின, அதோடு நின்றது. மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்து கார்பன் ஆவதற்கு விண்மீனின் உள்ளகம் போன்ற அடர்த்தியும் பல லட்சம் ஆண்டு அவகாசமும் வேண்டும். 1957-இல் மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபவுலர், ஹாயில் ஆகிய நால்வரும் சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரை விண்மீன்களில் நிகழும் ஆக்க முறைகளை வகைப்படுத்தியது. அவர்கள் கையிலிருந்த வலுவான சான்றுகளில் டெக்னீசியமும் ஒன்று.

டெக்னீசியம் உருவாகும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சூரியனைப் போல ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரை நிறை கொண்ட ஒரு விண்மீன், தன் மையத்திலுள்ள ஹைட்ரஜனையும் பிறகு ஹீலியத்தையும் அணுக்கரு இணைவால் தீர்த்துவிட்ட பின், கார்பனும் ஆக்சிஜனும் நிறைந்த உள்ளகத்தைச் சுற்றி ஹீலியம் ஓர் அடுக்காகவும் அதற்கு வெளியே ஹைட்ரஜன் இன்னோர் அடுக்காகவும் மாறி மாறி இணையும் நிலைக்கு வருகிறது. அந்த அடுக்குகளுக்கு இடையில் கார்பன்-13 அணுக்கரு ஒன்று ஹீலியத்தோடு மோதி ஆக்சிஜன்-16 ஆகும்போது ஒரு நியூட்ரான் வெளிப்படுகிறது. நியூட்ரானுக்கு மின்சுமை இல்லை. ஆகவே கனமான அணுக்கருவின் மின்விலக்கு அதைத் தடுப்பதில்லை. முந்தைய தலைமுறை விண்மீன்களிடமிருந்து வந்த இரும்பு அணுக்கரு அந்த நியூட்ரானை விழுங்கிக்கொள்கிறது; பல ஆண்டுகள் கழித்து இன்னொன்றை விழுங்குகிறது. நியூட்ரான் மிகுந்து நிலையற்றுப் போகும்போது ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, அணுக்கரு அட்டவணையில் ஓரிடம் முன்னேறுகிறது. இப்படி ஏறிவரும் பாதையில் ஸ்ட்ரான்சியமும் சிர்க்கோனியமும் கடந்து மாலிப்டினம்-98 வருகிறது. அது ஒரு நியூட்ரானைப் பெற்று மாலிப்டினம்-99 ஆகிறது. அது 66 மணி நேர அரை ஆயுளோடு சிதைந்து டெக்னீசியம்-99 ஆகிறது.

இதே சிதைவை நம் மருத்துவமனைகளும் அன்றாடம் பயன்படுத்துகின்றன. எலும்பையும் இதயத்தையும் படமெடுக்கச் செலுத்தப்படும் டெக்னீசியம்-99எம், மாலிப்டினம்-99 சிதைவதிலிருந்தே பெறப்படுகிறது. பெருமீனின் அடுக்குகளுக்குள் நடக்கும் அதே அணுக்கரு மாற்றம் நோயாளிக்கு அருகிலிருக்கும் ஈயக் கலத்துக்குள்ளும் நடக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

இந்த மெதுவான நியூட்ரான் பிடிப்பு ஈயத்திலும் பிஸ்மத்திலும் போய் முடிகிறது. நம்மிடமுள்ள பேரியத்தின் பெரும்பகுதியும் ஈயத்தில் ஒரு பெரும்பங்கும் இவ்வழியில் வந்தவையே. உள்ளே ஆக்கப்பட்டவற்றை விண்மீனின் ஆழமான வெப்பச் சலனம் மேற்பரப்புக்கு அள்ளிக்கொண்டு வருகிறது; மெரில் கண்ட கோடுகள் அப்படி மேலே வந்த அணுக்களுடையவை. அதன்பின் அவற்றைப் பரப்பும் வேலை தொடங்குகிறது. ஆர் ஆந்த்ரொமீடே ஏறத்தாழ 409 நாளுக்கு ஒருமுறை விரிந்து சுருங்குகிறது. அந்தத் துடிப்பு வெளி அடுக்கின் வாயுவைத் தூக்கி எறிய, அது குளிர்ந்து நுண்ணிய தூசியாக உறைய, அந்தத் தூசியை விண்மீனின் ஒளியே வெளியே தள்ளுகிறது. தூசி தன்னோடு வாயுவையும் இழுத்துச் செல்கிறது. இந்த வகை விண்மீன்கள் முதுமையில் ஆண்டுக்குச் சூரிய நிறையில் லட்சத்தில் ஒரு பங்கு வரைகூட இழந்துவிடுகின்றன. ஆரவாரமில்லாத இந்தக் காற்றுக்கு உரிய இடத்தை, விண்மீன் வெடிப்புகளான சூப்பர்நோவாக்களின் புகழ் மறைத்துவிட்டது.

அந்தத் தூசி மனிதர் கைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் என்னும் ஊரருகே ஒரு விண்கல் சிதறி விழுந்தது. அதன் துண்டுகளை அமிலங்களில் கரைத்து, எதிலும் கரையாமல் எஞ்சிய பொருளை ஆராய்ந்தபோது, 1980-களின் பிற்பகுதியில் சிலிக்கன் கார்பைடு மணிகள் அதில் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருப்பவை. அவற்றின் கார்பன், சிலிக்கன் ஐசோடோப்பு விகிதங்கள் சூரியக் குடும்பத்தின் எந்தப் பொருளோடும் பொருந்தவில்லை; முதிய பெருமீன்களின் கணக்கோடு பொருந்தின. சூரியன் பிறப்பதற்கு முன்பே வேறு விண்மீன்களின் காற்றில் உறைந்த மணிகள் அவை. 2004-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த மணிகளில் ருத்தேனியத்தின் ஐசோடோப்புகளை அளந்தார்கள். டெக்னீசியம்-99 சிதைந்தால் கிடைப்பது ருத்தேனியம்-99. மணிகள் உறைந்தபோது அவற்றுக்குள் உயிரோடிருந்த டெக்னீசியம் சிக்கிக்கொண்டு, பிறகு அங்கேயே சிதைந்தது என்று கொண்டால்தான் அந்த அளவீடு கணக்கோடு ஒத்துவந்தது.

கனமான விண்மீன்களின் வாழ்வு வேறு வகையானது. சூரியனைப் போல 25 மடங்கு நிறை கொண்ட விண்மீன் ஹைட்ரஜனை ஏறத்தாழ 70 லட்சம் ஆண்டு செலவிடுகிறது. கார்பனுக்குச் சில நூறு ஆண்டுகள், ஆக்சிஜனுக்குச் சில மாதங்கள், சிலிக்கனுக்கு ஒரு நாள் அளவே ஆகிறது. இரும்பை அடைந்தபின் இணைவால் ஆற்றல் கிடைப்பதில்லை. உள்ளகம் தன் எடையைத் தாங்காமல் நொடிப்பொழுதில் சரிகிறது. 1987 பிப்ரவரி 23 அன்று, 1.68 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள பெரிய மெகல்லன் முகிலில் நிகழ்ந்த அத்தகைய வெடிப்பு பூமியில் தெரிந்தது. ஒளி கண்ணில் படுவதற்குச் சில மணி நேரம் முன்பே, ஜப்பானின் கமியோகாண்டே உணர்கருவி எதையும் எளிதில் ஊடுருவும் நுண்துகள்களான நியூட்ரினோக்களில் 11-ஐப் பதிவுசெய்திருந்தது.

அந்த வெடிப்பில் பிறந்தது நிக்கல்-56. அது ஆறு நாள் அரை ஆயுளோடு கோபால்ட்-56 ஆகிறது; கோபால்ட் 77 நாள் அரை ஆயுளோடு இரும்பு-56 ஆகிறது. வெடித்த சில மாதங்களுக்குப் பின் அந்தச் சூப்பர்நோவாவின் ஒளி எந்த வேகத்தில் மங்கியது என்று பார்த்தால், கோபால்ட் சிதையும் அதே வேகத்தில்தான் மங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல், சூரியனை ஆராய ஏவப்பட்டிருந்த ஒரு செயற்கைக்கோள் கோபால்ட்-56 மட்டுமே உமிழும் 847 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட காமா கதிரைப் பிடித்தது. எதிர்பார்த்ததைவிட வெகு முன்னதாகவே அது வெளிவந்தது. மையத்தில் பிறந்த பொருள் வெளி அடுக்குகளைக் கிழித்துக்கொண்டு மேலே கலந்துவிட்டது என்பதை அது காட்டியது. அளந்த நிக்கலின் நிறை சூரியனில் 0.07 பங்கு. சிறிய எண்ணாகத் தெரிந்தாலும், அது 23,000 பூமிகளின் எடைக்கு நிகரான இரும்பு.

இரும்பின் இன்னொரு பெரும்பங்கு வெண்குறுமீன்களின், அதாவது எரிந்து முடிந்த விண்மீன்களின் அடர்ந்த உள்ளகங்களின், வெடிப்பிலிருந்து வருகிறது. வெண்குறுமீன் தாங்கக்கூடிய நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்பதை, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் கப்பலேறி இங்கிலாந்து சென்ற சந்திரசேகர் கணக்கிட்டார். இன்று அந்த வரம்பு சூரிய நிறையைப் போல 1.4 மடங்கு என்று கொள்ளப்படுகிறது. அந்த வரம்பை நெருங்கும் கார்பன்-ஆக்சிஜன் வெண்குறுமீன் முழுவதுமாக வெடித்துச் சிதறக்கூடும். 2014-இல் எம் 82 விண்மீன் மண்டலத்தில் நிகழ்ந்த அத்தகைய வெடிப்பிலிருந்தும் கோபால்ட்-56-இன் காமா கதிர்களை இன்டெக்ரல் செயற்கைக்கோள் கண்டது. 1983-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைச் சந்திரசேகரோடு பகிர்ந்துகொண்டவர் தனிம ஆக்கத்தை ஆராய்ந்த ஃபவுலர் என்பதைத் தமிழ் வாசகர்கள் பலரும் கவனித்ததில்லை.

ஒரு வெடிப்பைக் காண்பது ஒன்று. நம் பால்வெளி முழுவதும் இந்த வேலை இப்போதும் நடப்பதைக் காண்பது வேறொன்று. அதற்கு அலுமினியம்-26 உதவுகிறது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டு. சிதையும்போது 1,809 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிரை வெளியிடுகிறது. 1979-இல் ஏவப்பட்ட ஹியோ-3 செயற்கைக்கோள் முதலில் கண்ட இந்தக் கதிர், பால்வெளியின் தளம் நெடுகப் பரவியிருக்கிறது. சூரியனைப் போல இரண்டு மூன்று மடங்கு நிறையுள்ள அலுமினியம்-26 இந்தக் கணத்தில் பால்வெளியில் இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். 7 லட்சம் ஆண்டு பால்வெளியின் வயதுக்கு முன் ஒன்றுமே இல்லை. ஆக்கம் நிற்காமல் தொடர்ந்தால் ஒழிய அந்த அளவு நிலைத்திருக்க முடியாது.

அப்படிப் பரவியது பூமிக்கும் வந்து சேர்கிறதா? இதற்கு விடை கடலடியில் கிடைத்தது. பசிபிக் பெருங்கடலின் ஆழத்தில் இரும்பும் மாங்கனீசும் கலந்த படிவுகள் பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் வளர்கின்றன. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அந்தப் படிவை அடுக்கடுக்காகச் சுரண்டி, அதில் இரும்பு-60 இருக்கிறதா என்று தேடினார்கள். கனமான விண்மீன்களுக்குள் ஆக்கப்பட்டு வெடிப்பில் வெளியேறும் அந்த ஐசோடோப்பின் அரை ஆயுள் 26 லட்சம் ஆண்டு. பூமி பிறந்தபின் 1,700-க்கும் மேற்பட்ட அரை ஆயுள்கள் கடந்துவிட்டன. தேடல் எளிதன்று. இரும்பு அணுக்கள் பல நூறு லட்சம் கோடிக்கு ஒன்றுதான் இரும்பு-60. அதோடு, அதே நிறை கொண்ட நிக்கல்-60 எங்கும் கலந்திருக்கிறது. அணுக்களைத் துகள்முடுக்கியில் பெருவேகத்துக்கு முடுக்கி, வாயு நிரப்பிய காந்தப் புலத்தில் செலுத்தினால், இரும்பும் நிக்கலும் தம் மின்சுமைக்கேற்ப வெவ்வேறு பாதையில் வளைந்து பிரிந்துவிடுகின்றன. அதன்பின் இரும்பு-60 அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். 1999-இல் முதல் அறிகுறிகள் வெளியாயின. 2004-இல் அவை 20 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் குவிந்திருப்பது உறுதியானது. பின்னர் 65 முதல் 87 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய இன்னொரு வருகையும் வேறு படிவுகளில் தெரிந்தது. அப்போலோ பயணிகள் கொண்டுவந்த நிலவு மண்ணிலும் அது கிடைத்தது. 2019-இல், அண்டார்க்டிகாவில் அண்மை ஆண்டுகளில் பெய்த 500 கிலோ பனியை உருக்கி வடிகட்டியபோது, விரல்விட்டு எண்ணத்தக்க இரும்பு-60 அணுக்கள் அதிலும் இருந்தன. சூரியக் காற்று வாயுவைத் தடுத்துவிடும்; தூசியாக உறைந்தது மட்டுமே அதைக் கடந்து உள்ளே வரும். ஆகவே இவை தூசி மணிகளில் ஏறி வந்தவை.

இவற்றுக்கெல்லாம் அப்பால் தங்கம், பிளாட்டினம், யுரேனியம் ஆகியவற்றின் கேள்வி நிற்கிறது. அவற்றுக்கு ஒரு நொடிக்குள் பல நியூட்ரான்கள் வந்து குவிய வேண்டும். 2017 ஆகஸ்ட் 17 அன்று, 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த விண்மீன்கள் விட்டுச்சென்ற, பெரும்பாலும் நியூட்ரான்களாலான உள்ளகங்கள்) மோதி இணைந்த நிகழ்ச்சியின் ஈர்ப்பலைகளை, அவற்றை உணரும் லைகோ, வர்கோ கருவிகள் பதிவுசெய்தன; அதன் ஒளியில் புதிதாகப் பிறந்த ஸ்ட்ரான்சியத்தின் அடையாளத்தை 2019-இல் கண்டறிந்தார்கள். இத்தகைய மோதல்கள் அரியவை. சாதாரணச் சூப்பர்நோவாக்களே இந்தத் தனிமங்களைத் தொடர்ந்து ஆக்கிவந்தால், 8 கோடி ஆண்டு அரை ஆயுள் கொண்ட புளூட்டோனியம்-244 கடலடிப் படிவில் கணிசமாக இருக்க வேண்டும். 2015-இல் அளந்தபோது எதிர்பார்த்ததில் நூறில் ஒரு பங்கு அளவே இருந்தது. 2021-இல், இரும்பு-60 வந்த அதே அடுக்குகளில் அது சிறிதளவு கிடைத்தது. அந்தப் புளூட்டோனியம் அதே சூப்பர்நோவாவில் பிறந்ததா, அல்லது எப்போதோ நிகழ்ந்த நியூட்ரான் விண்மீன் மோதலில் பிறந்து விண்வெளியில் மிதந்துகொண்டிருந்ததைச் சூப்பர்நோவாவின் அலை வாரிக்கொண்டு வந்ததா என்பது இன்னும் தீரவில்லை. எனக்குப் பின்னதுதான் பொருத்தமாகப் படுகிறது. இதைத் தீர்க்க, அதே வழியில் உருவாகும் க்யூரியம்-247 உதவக்கூடும். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 1.56 கோடி ஆண்டுதான்; புளூட்டோனியத்தைவிட அது விரைவில் மறைந்துவிடும். இரும்பு-60 இருக்கும் அடுக்கில் அதுவும் உரிய அளவில் அகப்பட்டால் புளூட்டோனியம் புதிதாகப் பிறந்தது என்று கொள்ள வேண்டும். புளூட்டோனியம் இருந்து க்யூரியம் இல்லாமற்போனால் அது நெடுங்காலம் மிதந்து வந்த பழைய பொருள்.